சீனாவில் வேலை, ஹார்பினில் பனி: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் கார்த்திகை பிறந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "அண்ணா, அந்த ஐஸ் ஊருக்குப் போக வேணும், என்ன ஜக்கெட் வாங்குறது?" நான் திருப்பிக் கேட்பது, "உன்ர வதிவிட அனுமதி எப்ப முடியுது?" என்றுதான். ஐஸ் ஊர் என்பது ஹார்பின், சீனாவின் வடகிழக்கில் பனி விழா நடக்கிற நகரம். ஜக்கெட்டை அங்கே இறங்கிய பிறகு கூட வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஆனால் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு பொலிஸ் கந்தோரில் கிடந்தால், லீவு கையெழுத்தாகாமல் இருந்தால், விசாவில் ஒன்றும் ஒப்பந்தத்தில் இன்னொன்றுமாக இருந்தால், எந்த ஜக்கெட்டும் உங்களைக் காப்பாற்றாது. அதனால் இந்தப் பயணத்தை நான் ஹார்பினிலிருந்து சொல்லாமல் திருகோணமலையிலிருந்தே சொல்லித் தொடங்குகிறேன்.

நான் இருப்பது குவாங்சௌவில். ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிற துணி, சிப், பட்டன் எல்லாவற்றின் தரத்தையும் கப்பலேற்ற முன் பார்த்துக் கையெழுத்து வைக்கிற வேலை. ஹார்பினுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், முதல் தடவை தனியாக, மற்ற இரண்டும் ஊர்ப் பிள்ளைகளோடு.

ஊரை விட்டு வெளிக்கிட முன்

சீனாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய இசட் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய் "பிறகு மாத்தித் தருவம்" என்று எந்த முகவர் சொன்னாலும், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், போகாதீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர், நல்ல ஆங்கிலம், நல்ல பிள்ளை, ஒரு பாலர் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று முகவர் ஒருவருக்குப் பெரிய காசு கட்டி வந்தார். ஆங்கிலம் படிப்பிக்கும் வேலைக்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவருக்குத்தான் அனுமதி கொடுப்பார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நாலாம் மாதம் பொலிஸ் வந்து கடவுச்சீட்டைக் கேட்டது. அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம், நிலைமை மோசமென்றால் 5 முதல் 15 நாள் தடுப்புக்காவல், நாடு கடத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அவர் தண்டம் கட்டி ஊருக்குத் திரும்பினார். அவருடைய அம்மா அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. மாணவர் விசாவில் போய் முழுநேர வேலை செய்வதும் இதே கதைதான்.

சரியான வழி மெதுவானது, ஆனால் சிக்கல் இல்லாதது. உங்களை வேலைக்கு எடுக்கும் சீன நிறுவனம் முதலில் அங்கே விண்ணப்பித்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் கையில் வரும் வரைக்கும் வேலையை விடாதீர்கள், டிக்கெட் எடுக்காதீர்கள். அதற்காக அவர்கள் கேட்பது பெரும்பாலும் பட்டச் சான்றிதழ், முந்தைய வேலை அனுபவக் கடிதம் (சாதாரண தொழில்முறை வேலைகளுக்குப் பட்டத்தோடு இரண்டு வருட அனுபவம் எதிர்பார்ப்பார்கள்), பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை. சான்றிதழ்களைக் கொழும்பில் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு சீனத் தூதரகப் பக்கம் கொண்டு போக வேண்டும். திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் ஏறி விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கிவிடலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று நினைத்துப் போனால் அடுத்த கிழமையும் போக வேண்டி வரும். நாலைந்து நாள் தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் தவறவிட வேண்டாம்.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் சீனாவில் நம் ஆட்களை அதிகம் அலைய வைப்பது இதுதான். நம் பெயர்கள் நீளம், அப்பா பெயர் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் இன்னொரு இடத்தில், சான்றிதழில் முதலெழுத்து மட்டும். அங்கே வங்கிக் கணக்கு, வேலை அனுமதி, சிம், போனில் காசு கட்டும் அலிப்பே, ரயில் டிக்கெட் எடுக்கும் 12306 செயலி எல்லாமே ஒன்றை ஒன்று சரிபார்க்கும். ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறினாலும் அந்த ஆள் நீங்கள் இல்லை என்று சொல்லிவிடும். கடவுச்சீட்டில் இருக்கிற வரிசை எதுவோ அதையே முதல் நாளிலிருந்து எல்லா இடத்திலும் கொடுங்கள். முதல் படிவத்தில் ஒரு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் கொடுத்துவிட்டால் அதைத் திருத்த ஒரு வேலை நாள் போய்விடும், அதுவும் சீனம் தெரிந்த ஒருவரை இழுத்துக்கொண்டு.

வீட்டு ஆட்களின் போனில் நீங்கள் ஊரில் இருக்கும்போதே வீசாட் என்ற சீனச் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப், பேஸ்புக், கூகுள் ஒன்றும் அங்கே சும்மா வேலை செய்யாது. அம்மாவுக்கு எந்தப் பட்டனை அழுத்தினால் முகம் தெரியும் என்று இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டு வந்தால், முதல் மாதத் தனிமை பாதியாகக் குறையும். ஊருக்கும் சீனாவுக்கும் இரண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம். நீங்கள் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு முடிக்கும்போது கோணேஸ்வரத்தில் மாலைப் பூசை முடிந்து சனம் மலையிறங்கி வீட்டுக்கு வந்திருக்கும். கதைக்க நல்ல நேரம்.

வந்திறங்கிய முதல் மாதம்

இறங்கி 24 மணித்தியாலத்துக்குள் தங்குமிடத்தைப் பொலிசில் பதிய வேண்டும். ஹொட்டலில் என்றால் அவர்களே பதிவார்கள். நிறுவனம் கொடுத்த அறையோ நண்பர் வீடோ என்றால் நீங்களாகவே போய்ப் பதிந்து அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்து 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் வேலை அனுமதியும் முடிந்திருக்க வேண்டும். அதனால் முதல் மாதத்தை ஊர் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடவுச்சீட்டை "பத்திரமா வைச்சிருக்கிறம்" என்று நிறுவனத்தில் யாராவது கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அனுமதி வேலைக்கு எத்தனை நாள் தேவையோ அத்தனை நாள்தான், முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் சீனம்தான் எடுபடும், அதனால் அந்தப் பக்கத்தைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். சம்பளம், வேலை நேரம், வீட்டு வாடகை யார் கட்டுவது, லீவு எத்தனை நாள். இந்த நாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மாதம் 5,000 யுவான் வரைக்கும் வரி இல்லை, அதற்கு மேல் 3 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 45 வரை போகும். வரி கட்டிய சான்றை ஒவ்வொரு வருடமும் எடுத்து வையுங்கள். வீட்டுக்குக் காசு அனுப்ப வங்கிக்குப் போனால் அந்தத் தாள், ஒப்பந்தம், கடவுச்சீட்டு மூன்றையும்தான் கேட்பார்கள், மூன்றும் இருந்தால் சம்பளக் காசை மாற்றி முறையாக அனுப்பலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலமாக, அனுப்பினால் வீதம் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வங்கிக் கணக்கு முடங்கிப்போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

லீவு எப்போது எடுப்பது

சீனச் சட்டப்படி வேலை அனுபவம் ஒரு வருடத்திலிருந்து பத்து வருடத்துக்குள் இருப்பவருக்குச் சம்பளத்தோடு வருட லீவு 5 நாள், பத்து முதல் இருபது வருடத்துக்கு 10 நாள், அதற்கு மேல் 15 நாள். பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு அந்த ஐந்துதான். ஒரு கிழமையின் ஐந்து வேலை நாளும் எடுத்தால் முன்னும் பின்னும் சனி ஞாயிறு சேர்ந்து ஒன்பது நாள் கையில் வரும். ஹார்பினுக்கு நாலு நாள், போக வர, இடையில் பீஜிங். அது தாராளம்.

எல்லோரும் நினைப்பது சீனப் புத்தாண்டு விடுமுறையில் போகலாம் என்று. அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். புத்தாண்டுக்கு 15 நாள் முன்னதாகத் தொடங்கி 40 நாளுக்கு நாட்டில் பாதிச் சனம் ரயிலில் இருக்கும். டிக்கெட் திறந்த நிமிடமே முடியும், ஹொட்டல் விலை மூன்று மடங்கு ஏறும், ஐஸ் உலகத்தில், அதாவது ஐஸால் கோபுரமும் மதிலும் கட்டி வைக்கிற ஹார்பின் பூங்காவில், சறுக்கலுக்கு நிற்கிற வரிசையில் கால் விறைத்துப்போகும். 2027இல் புத்தாண்டு பெப்ரவரி 6. அப்படியென்றால் ஜனவரி மூன்றாம் கிழமைக்குள் போய்த் திரும்பிவிடுவது நல்லது.

இன்னொன்று, தொழிற்சாலை வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது. புத்தாண்டுக்குத் தொழிற்சாலை பூட்ட முன் எல்லாக் கப்பலும் ஏற வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய மூன்று நாலு கிழமை தரம் பார்ப்பவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் லீவு கேட்டால் மேலாளரின் முகம் மாறும், அது நியாயமும்தான். அதனால் ஒக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறை முடிந்து வந்ததும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாடசாலை, பல்கலைக்கழகப் பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர்கால விடுமுறை ஜனவரி நடுவில் தொடங்கும், அவர்கள் முதல் நாலைந்து நாளிலேயே போய்விடட்டும்.

வதிவிட அனுமதி டிசம்பர், ஜனவரியில் முடிகிறதா? அப்படியானால் முன்கூட்டியே புதுப்பியுங்கள். விண்ணப்பித்தால் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதுதான் தருவார்கள், 15 வேலை நாள் வரை போகலாம். ரயில், ஹொட்டல், ஐஸ் உலக நுழைவு எல்லாவற்றுக்கும் கடவுச்சீட்டைத்தான் கேட்பார்கள். கையில் அசல் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

உடுப்பு

இங்கேதான் நான் நேரம் எடுத்துச் சொல்லப் போகிறேன். நமக்குக் குளிர் என்றால் மார்கழி மழையில் நனைந்துகொண்டு கோட்டைப் பக்கம் நடப்பது, அல்லது நுவரெலியா. ஹார்பினில் ஜனவரி இரவு மைனஸ் 20, 25 என்பது சாதாரண நாள். எங்கள் வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18. அதைவிடக் குளிரான ஒரு தெருவில் நீங்கள் நடக்கப் போகிறீர்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் வெளியில் இருக்கிற குளிர் இல்லை, உள்ளுக்கும் வெளிக்கும் மாறி மாறிப் போவது. சீனாவில் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள நகரங்களில் மத்திய வெப்பமூட்டல் உண்டு, தெற்கே கிடையாது. அதனால் குவாங்சௌவில் பத்துப் பாகையில் அறைக்குள் போர்வையோடு நடுங்குகிற நாங்கள், ஹார்பின் அறைக்குள் டீசேட்டோடு இருப்போம். கடைக்குள், ரயிலுக்குள், மெட்ரோவுக்குள் எல்லாம் சூடு. நீங்கள் தடித்த ஒரு உடுப்பாகப் போட்டால் உள்ளே வியர்க்கும், அந்த வியர்வையோடு வெளியே வந்தால் ஐந்தே நிமிடத்தில் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல இருக்கும். என் முதல் பயணத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது இதனால்தான். குளிரில் நின்று வந்ததென்று நினைத்தேன், பிறகுதான் விளங்கியது.

ஆகவே அடுக்கடுக்காக, கழற்றக்கூடியதாக. தோலோடு ஒட்டிய முதல் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது, ஊரில் பருத்தி தெய்வம், இங்கே அது வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உங்களைக் கொல்லும். கம்பளி அல்லது கெதியாகக் காயும் செயற்கை நூல் எடுங்கள், கீழே சியூகூ என்று சொல்கிற உள்காற்சட்டை. அதன் மேல் ஒரு ஃபிளீஸ் அல்லது மெல்லிய சுவெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் யூரொங்ஃபூ, அதாவது வாத்து இறகு நிரப்பிய ஜக்கெட், இடுப்போடு நிற்காமல் தொடை வரை வரவேண்டும், தொப்பி கட்டாயம். ஜீன்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் துணி பலகை போல விறைக்கும். மேலே காற்றுப் புகாத காற்சட்டை ஒன்று போடுங்கள். நவம்பர் 11 விலைக்குறைப்பில் தாவோபா என்ற இணையக் கடையில் 500, 600 யுவானுக்கு நல்ல ஜக்கெட் எடுக்கலாம், பழைய சாமான் விற்கும் சியான்யூவில் இன்னும் குறையும். தெற்கில் கடைகளில் தொங்குகிற மெல்லிய ஜக்கெட் தெற்குக்குத்தான் சரி.

சப்பாத்து உங்கள் அளவை விட ஒன்று பெரிதாக எடுங்கள். இறுக்கமாக இருந்தால் இரத்தம் ஓடாது, எத்தனை சொக்ஸ் போட்டாலும் விரல் விறைக்கும். அடி தடிப்பாகவும் ஆழமான வரியோடும் இருக்க வேண்டும். நடக்கும்போது பெரிய அடி வைக்காமல், முன்னால் வைக்கிற காலில் பாரத்தைப் போட்டு வாத்து மாதிரிச் சின்னச் சின்னதாக வையுங்கள். கைக்கு இரண்டு: உள்ளே மெல்லிய கையுறை, வெளியே விரல் பிரியாத தடித்தது. படம் எடுக்கும்போது வெளியுறையை மட்டும் கழற்றலாம். கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி, அதை மூக்கு வரை இழுத்து அதற்குள்ளாலேயே மூச்சு விடுங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு இது மிக அவசியம், மருந்தை உள் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

நுவான் பாவ்பாவ் என்று ஒட்டுகிற சூட்டுப் பை விற்பார்கள், ஒரு பெட்டி வாங்குங்கள். உள்ளுடுப்பின் மேல் ஒட்ட வேண்டும், தோலில் ஒட்டக் கூடாது, ஒட்டியபடி நித்திரை கொள்ளவும் கூடாது, மெதுவாகச் சுட்டு கொப்புளமாகும். விரல், காது, மூக்கு நுனி மரத்து வெளிறிப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். உள்ளே வந்து உடம்புச் சூட்டளவு, 37 முதல் 39 பாகை தண்ணீரில் வைத்திருங்கள், உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியசாலை.

தேங்காய் எண்ணெய் கொண்டு போகிறவர்களுக்கு: குவாங்சௌ குளிருக்கே அது போத்தலுக்குள் மெழுகாக உறைந்துவிடும். உதட்டுக்கும் கைக்கும் வாசலின் எடுங்கள். அறைக் காற்று மிக வறட்சி, இரவில் ஈரத் துவாய் ஒன்றை ஹீட்டர் பக்கம் தொங்கவிட்டால் மூக்கில் இரத்தம் வராது.

போகிற வழி

குவாங்சௌவிலிருந்து நேரடி விமானம் நாலரை மணித்தியாலம் போல. எனக்குப் பிடித்தது ரயில்: குவாங்சௌவிலிருந்து பீஜிங் எட்டு மணித்தியாலம், அங்கே ஒரு இரவு, அடுத்த நாள் பீஜிங் சாவோயாங் நிலையத்தில் ஏறினால் ஐந்து மணித்தியாலத்தில் ஹார்பின் மேற்கு. உடம்பும் படிப்படியாகக் குளிருக்குப் பழகும், யன்னலுக்கு வெளியே வயல் மண்ணிறத்திலிருந்து வெள்ளையாக மாறுவதையும் பார்க்கலாம். டிக்கெட் 15 நாளுக்கு முன் திறக்கும். 12306இல் கடவுச்சீட்டுச் சரிபார்ப்பைப் பல நாள் முன்னமே முடித்து வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் பவர்பாங்கைப் பாருங்கள்: 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர்பாங்கை ஏற்ற விடுவதில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்தது என்றால் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது.

ஹொட்டல் பதியும்போது வெளிநாட்டவரைப் பதியத் தெரியுமா என்று முன்னமே ஒரு செய்தி போட்டுக் கேட்டுவிடுங்கள். சின்ன இடங்களில் மறுக்க நினைத்து அல்ல, எப்படிப் பதிவதென்று தெரியாமலே திணறுவார்கள், நடு இரவில் மைனஸ் 20இல் அந்தத் திணறலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

போனைப் பற்றி. அங்கே காசு, வரைபடம், டாக்சி, டிக்கெட், மொழிபெயர்ப்பு எல்லாமே போனில். குளிரில் பற்றரி திடீரென்று விழும். முதல் தடவை ஐஸ் உலக வாசலில் 60 வீதம் காட்டிய என் போன் இரண்டு படம் எடுத்ததும் கறுப்பாகிவிட்டது, கியூஆர் காட்ட வழியில்லை. கக்கத்துக்குள் வைத்துப் பத்து நிமிடம் நின்றேன், பிறகுதான் எழும்பியது. உள் பையில் வைத்திருங்கள், பின்னால் ஒரு சூட்டுப் பை ஒட்டுங்கள், 300 யுவான் தாளாகவும் ஹொட்டல் முகவரி அட்டை சீனத்திலும் வைத்திருங்கள். கமரா கொண்டு போகிறவர்கள் உள்ளே வரமுன் அதை இறுக்கிய பொலித்தீன் பையில் போட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறவுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கட்டும்.

ஐஸ்

ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகரம் ஹார்பின். 1898இல் ரஷ்யர்கள் போட்ட ரயில் பாதையோடு வளர்ந்த ஊர், அதனால்தான் நகரத்துக்கு நடுவில் புனித சோபியா தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம். வருடாந்தப் பனி விழா 1985இல் தொடங்கியது, ஜனவரி 5 தொடக்க நாள். அதற்கு முன்னமே 1963இலிருந்து சாவோலின் பூங்காவில் ஐஸ் விளக்குக் காட்சி நடந்தது. ஐஸ் விளக்கின் தொடக்கம் மீன்பிடிப்பவர்களின் வேலை: வாளியில் தண்ணீர் விட்டு வெளியே வைப்பார்கள், ஓரம் மட்டும் உறைந்ததும் நடுவில் இருக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தக் குழிக்குள் விளக்கை வைப்பார்கள், காற்றில் அணையாது. திருகோணமலை டச்சுக் குடாவில் இரவு வள்ளத்தில் லாம்பைக் கையால் மறைத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கியது.

ஐஸ் என்றால் நமக்கு மீன்வாடிதான் ஞாபகம் வரும். பாறை ஐஸைச் சாக்கில் போட்டு மரக்கட்டையால் அடித்து உடைத்து, சூரை மீனுக்கு மேல் அள்ளிப் போடுவது. அந்தப் பாறையின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையில் எல்லாப் பக்கத்தாலும் வேகமாக உறைவதால் காற்று நடுவில் அகப்பட்டு வெள்ளையாகிறது. ஹார்பினில் ஓடுகிற சொங்ஹுவா ஆற்றில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல உறைவதால் காற்று கீழே தள்ளப்பட்டுவிடும், ஐஸ் கண்ணாடி போல வரும். டிசம்பரில் அந்த ஆற்றை அறுத்து, கொக்கி போட்டு இழுத்து, அந்தக் கட்டிகளை அடுக்கித்தான் கோபுரமும் மதிலும் கட்டுகிறார்கள். சீமெந்து கிடையாது. இரண்டு கட்டிக்கு நடுவில் தண்ணீர் விடுகிறார்கள், அது அந்த இடத்திலேயே உறைந்து பிடித்துக்கொள்கிறது. முந்தின வருட ஐஸை மூடிப் பாதுகாத்து வைத்திருந்து, ஆறு உறைய முன்னமே வேலையைத் தொடங்கவும் செய்கிறார்கள். ஒரு மதிலில் கையுறையோடு கையை வைத்துக் கிட்ட நின்று பாருங்கள், ஐஸுக்குள் ஆற்றுப் புல்லின் ஒரு நூல் உறைந்து நிற்கும், சின்னக் காற்றுக் குமிழிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோர்த்த மணி போல நிற்கும். நான் கோபுரத்தை விட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

ஐஸ் உலகம் டிசம்பர் நடுவில் அல்லது பிற்பகுதியில் திறந்து பெப்ரவரியில் மூடும். 2024-25 பருவத்தில் பரப்பு 10 இலட்சம் சதுர மீட்டர், ஐஸும் பனியும் 3 இலட்சம் கன மீட்டர், நுழைவு 328 யுவான். பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு உள்ளே போங்கள். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே நாலு மணிக்கே சூரியன் மறையும், வெளிச்சத்தில் ஐஸின் நிறத்தையும் இருட்டியதும் உள்ளே எரியும் விளக்கையும் இரண்டையும் பார்க்கலாம். பெரிய சறுக்கலுக்கு உள்ளே போனவுடன் வீசாட்டில் முன்பதிவு செய்யுங்கள், பிந்தினால் கிடைக்காது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை சூடான கடைக்குள் போய் ஒரு தேத்தண்ணி, பிறகு மறுபடி வெளியே. அலுக்கவில்லை என்று தொடர்ந்து நிற்காதீர்கள், கால் விறைத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மற்ற நாள் பகலில் சூரியத் தீவில் பனிச் சிற்பங்கள், பின்னேரம் உறைந்த சொங்ஹுவாவில் நடை. கயிறு கட்டிய இடத்துக்குள் மட்டும் நடங்கள். மத்திய வீதியில் கல் பாவிய தெருவில் மதியேர் ஐஸ்பழம் வாங்கிச் சாப்பிடுவார்கள், அந்தக் குளிரில் அது உருகாது, அவசரமில்லாமல் சாப்பிடலாம்.

சாப்பாடும் பொங்கலும்

ஊர் முழுக்கப் பன்றி. சைவக்காரர் "தி சான் சியான்" கேளுங்கள், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், மிளகாய்க்காய் பொரித்துப் பிரட்டியது, நம் வாய்க்கு வடிவாகப் பிடிக்கும். இறைச்சிச் சாறு சேர்க்க வேண்டாம் என்பதைச் சீனத்தில் எழுதிக் காட்டுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் ஹலால் சாப்பாட்டுக்கு "சிங்ஜென்" என்று எழுதிய பலகையைத் தேடுங்கள், அரபு எழுத்தும் இருக்கும். தாவோவாய்ப் பகுதியில் பழைய பள்ளிவாசல் இருக்கிறது, அதன் சுற்றுவட்டாரத்தில் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. அச்சாறு, மாசிச் சம்பல் ஒரு சின்னப் போத்தல் பையில் இருந்தால் நாலு நாளும் ஓடிவிடும்.

தைப்பொங்கலுக்கு அங்கே நிற்கிற மாதிரி நாள் பார்த்தால், ஹொட்டல் எடுக்காமல் சமையலறை உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றை எடுங்கள். வீட்டுக்காரர் உங்களைப் பொலிசில் பதிவார் என்று உறுதி செய்துகொண்டு. பச்சரிசி, பால், பயறு எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும், பயறுக்கு "லூதோ", சர்க்கரைக்கு "ஹொங்தாங்" என்று கேளுங்கள், நம் பனங்கட்டி வாசம் வராது, ஆனால் நிறம் வரும். ஏலக்காயும் கஜுவும் குவாங்சௌவிலிருந்து கொண்டு போங்கள். நாங்கள் நாலு பேர், ஏழாம் மாடி, யன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே உறைபனி பூப்போலப் படர்ந்திருந்தது. ஏழு மணி தாண்டித்தான் சூரியன் எழும்பும் என்பதால் அதற்குப் பிறகுதான் பால் வைத்தோம். சூரியன் தெரிகிற அளவுக்கு ஒருவர் வெறுங்கையால் கண்ணாடியைச் சுரண்டி வட்டமாக ஒரு இடம் எடுத்தார். பால் பொங்கி வழிந்தது. மூதூர்த் தங்கச்சிதான் போனைப் பிடித்து எங்கள் நாலு வீட்டுக்கும் காட்டினார், ஊரில் அப்போது ஐந்து மணி, அம்மா முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு

சப்பாத்தை ஹீட்டரில் வைத்துக் காயவைக்காமல் உள்ளே கடதாசி அடைத்துக் காயவிடுங்கள். ஜக்கெட்டைக் குறைந்த சூட்டில் கழுவிக் காயவைக்கும்போது இரண்டு டெனிஸ் பந்தை உலர்த்தியில் போட்டால் இறகு கட்டி பிடிக்காது. ரயில் ரசீது, ஹொட்டல் ரசீது எல்லாம் ஒரு உறையில் போட்டு வையுங்கள், அடுத்த புதுப்பித்தலில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அந்த ஜக்கெட்டைக் கொண்டு வராதீர்கள். திருகோணமலை அலுமாரியில் ஒரு மாரி காலம் தொங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுத்து வருகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். என்னுடைய முதல் ஜக்கெட்டின் உள் பையில் ஹார்பின் ஹொட்டல் முகவரி அட்டை ஒன்றும் சூட்டுப் பை இரண்டும் வைத்துக் கொடுத்தேன். அது இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது, நிலாவெளிப் பிள்ளை, இந்த வருடம் போகிறார்.